ஜன்னலும் அறையும் ஒரே படத்தில்: மொபைலில் கையால் செய்த எச்டிஆர்

எடுக்க வேண்டிய காட்சி இது: விளக்கு போடாத ஓர் அறை, எதிரே கம்பி போட்ட ஜன்னல், வெளியே உச்சி வெயிலில் ஒரு மரம், உள்ளே ஜன்னலை ஒட்டி ஒரு மேசை, அதற்குப் பக்கத்தில் புத்தக அலமாரி. நேரில் நின்று பார்த்தால் மரத்தின் இலையும் தெரிகிறது, அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும் புத்தகத்தின் பெயரும் தெரிகிறது. மொபைலில் எடுத்தால் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். அறை நன்றாக வந்தால் ஜன்னல் வெள்ளைத் தாள் ஒட்டிய மாதிரி ஆகிவிடும். மரம் நன்றாக வந்தால் அறை முழுக்க இருட்டு.

கண்ணும் இரண்டையும் ஒரே நேரத்தில் பார்ப்பதில்லை. பார்வை ஜன்னலுக்குப் போகும்போது கண்மணி சுருங்குகிறது, அலமாரிக்குத் திரும்பும்போது விரிகிறது, விழித்திரையும் தன் உணர்திறனை மாற்றிக்கொள்கிறது. மூளை எல்லாவற்றையும் ஒட்டி ஒரே காட்சியாக நமக்குக் காட்டுகிறது. எச்டிஆர் (ஹை டைனமிக் ரேஞ்ச், அதாவது அகன்ற வெளிச்ச வீச்சு) படம் செய்வதும் அதே ஒட்டுவேலைதான். வெவ்வேறு வெளிச்ச அளவில் சில படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் எந்தப் பகுதி சரியாக இருக்கிறதோ அதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். பழைய யோசனைதான். 1850-களிலேயே பிரெஞ்சுப் புகைப்படக்காரர் குஸ்தாவ் லெ கிரே, கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று தனித்தனியாக எடுத்து ஒரே தாளில் அச்சிட்டார். பல எக்ஸ்போஷர்களிலிருந்து, அதாவது வெவ்வேறு அளவு ஒளி விட்டு எடுத்த படங்களிலிருந்து, உண்மையான ஒளி அளவைக் கணக்கிட்டு மீட்கும் முறையை பால் டெபவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும் 1997-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஐபோன் கேமராவில் எச்டிஆர் பொத்தான் வந்தது 2010-இல், ஐஓஎஸ் 4.1 பதிப்போடு.

இன்றைக்கு எந்த மொபைலும் நம்மைக் கேட்காமலே இதைச் செய்கிறது. பிறகு எதற்குக் கையால் செய்ய வேண்டும்? தானாக வரும் படத்தில் எது எவ்வளவு வெளிச்சமாக இருக்க வேண்டும் என்பதை மொபைல் முடிவு செய்கிறது. பெரும்பாலும் அது இருட்டை எல்லாம் தூக்கிவிட்டு, அறையையும் வெயிலையும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. எல்லாம் தெரியும், ஆனால் உச்சி வெயில் என்ற உணர்வு போய்விடும். அந்த முடிவை என் கையில் வைத்துக்கொள்ளத்தான் இந்த மெனக்கெடல்.

முதலில் வெளிச்சத்தை அளந்தது

எல்லா அளவுகளையும் நாமே வைக்கும் ப்ரோ மோடில், ஒளிக்கான உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 50-இல் நிறுத்திவிட்டு, ஒளி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் ஷட்டரை மட்டும் மாற்றிப் பார்த்தேன். மொபைலின் முதன்மை லென்ஸில் ஒளி நுழையும் துளை பெரும்பாலும் மாறாதது, என்னுடையதில் எஃப்/1.8. அதனால் விளையாட இருப்பது ஷட்டர் ஒன்றுதான். வெளியே மரம் சரியாக வந்தது 1/2000 நொடியில். அறை கண்ணுக்கு ஒத்துக்கொள்ளும்படி வந்தது 1/30 நொடியில்.

வெளிச்சம் இரட்டிப்பானால் ஒரு ஸ்டாப் என்பது கணக்கு. 1/2000-க்கும் 1/30-க்கும் நடுவே ஏறக்குறைய 64 மடங்கு, அதாவது ஆறு ஸ்டாப். அதோடு முடியவில்லை. இது மரத்தின் சராசரிக்கும் அறையின் சராசரிக்கும் உள்ள இடைவெளி மட்டுமே. மரத்துக்குள்ளேயே வெயில் பட்ட இலை, நிழல் இலை என்று சில ஸ்டாப், அறைக்குள் மேசைமேல் விழும் ஒளிக்கும் அலமாரியின் அடித்தட்டுக்கும் இன்னும் சில ஸ்டாப். ஒரே ஜேபெக் படத்தில் இவ்வளவையும் அடைக்க முடியாது.

அளந்து பார்ப்பதில் இன்னொரு லாபம், எச்டிஆர் தேவையே இல்லாத காட்சி எது என்று தெரிந்துவிடும். மேகம் மூடிய நாளில் வெட்டவெளியில் எடுக்கும் படத்துக்கு ஒரே எக்ஸ்போஷர் போதும். இருட்டிலிருந்து வெளிச்சம் வரை எவ்வளவு புள்ளிகள் என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் இரண்டு ஓரமும் சுவரில் முட்டாமல் நடுவில் அடங்கியிருந்தால், அங்கே மூன்று படம் எடுப்பது வெட்டி வேலை.

ஒரே தொடுதல் ஃபில்டர் என்ன செய்கிறது

எடிட் செய்ய எடுத்துக்கொண்டது ஸ்னாப்சீட். 2011-இல் நிக் சாஃப்ட்வேர் நிறுவனம் ஐபேடுக்காகக் கொண்டுவந்தது. 2012-இல் அந்த நிறுவனத்தை கூகுள் வாங்கியது. இலவசம், விளம்பரம் இல்லை, ஆண்ட்ராய்டு ஐபோன் இரண்டிலும் உண்டு. 2025-இல் ஐபோனுக்கு வந்த 3.0 பதிப்பில் தோற்றத்தை மாற்றியிருக்கிறார்கள், அதனால் நான் சொல்லும் பொத்தான்கள் உங்கள் திரையில் வேறு மூலையில் இருக்கலாம். கருவிகளின் பெயரை வைத்துத் தேடிக்கொள்ளுங்கள்.

இதில் எச்டிஆர் ஸ்கேப் என்று ஒரு கருவி இருக்கிறது. நேச்சர், பீப்பிள், ஃபைன், ஸ்ட்ராங் என நான்கு வகை. பெயரைப் பார்த்து இதுதான் எச்டிஆர் என்று நினைக்கத் தோன்றும். அறை நன்றாக வந்த 1/30 படத்தில் அதைப் போட்டுப் பார்த்தேன். அலமாரியின் மரக்கோடுகள் புடைத்துக்கொண்டு தெரிந்தன, நிழல்கள் எழுந்தன, நிறங்கள் முறுக்கேறின. ஜன்னல்? வெள்ளையாக இருந்தது கொஞ்சம் சாம்பல் வெள்ளையாக மாறியது. மரம் வரவில்லை. வரவும் வராது.

காரணம் எளிது. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள். ஜன்னல் பகுதி முழுவதும் 255-இல் போய் முட்டிவிட்டது. இலையும் 255, கிளையும் 255, வானமும் 255. வித்தியாசம் என்பதே பதிவாகாத இடத்தில் எந்தக் கருவியும் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது. எச்டிஆர் ஸ்கேப் செய்வதெல்லாம் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டைக் கூட்டுவது, நிழலைத் தூக்குவது, ஒளியை அடக்குவது. அலங்காரம் என்ற அளவில் நல்ல கருவிதான். பின்னால் ஓர் இடத்தில் நானும் பயன்படுத்தினேன். ஆனால் வெளிச்ச வீச்சை அது ஒரு துளியும் கூட்டாது.

சரி, தலைகீழாகச் செய்தால்? மரம் சரியாக வந்த 1/2000 படத்தை எடுத்து அறையைத் தூக்கிப் பார்த்தால்? அங்கே விஷயம் இருக்கிறது, ஆனால் கந்தலாக. அறைக்கு வேண்டிய வெளிச்சத்தில் 64-இல் ஒரு பங்குதான் சென்சாருக்குப் போயிருக்கிறது. ஒளித்துகள்களின் எண்ணிக்கையில் இயல்பாக வரும் ஏற்ற இறக்கம் அந்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒட்டியது. ஆகவே வெளிச்சம் 64 மடங்கு குறைந்தால் தெளிவு 8 மடங்கு குறையும். தூக்கிய அலமாரி முழுக்க வண்ண மணல் தூவிய மாதிரி நாய்ஸ். ஜேபெக்காக இருந்தால் அதோடு பட்டை பட்டையாகப் படியும் தெரியும், ஏனென்றால் இருட்டுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் படிகள் மிகக் குறைவு.

சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்தால் நிலைமை மேல், ஆனால் அங்கேயும் எல்லை உண்டு. 10 பிட் ரா என்றால் 1024 படிகள். அதில் மிகப் பிரகாசமான ஒரு ஸ்டாப்புக்கு மட்டும் 512 படிகள் போய்விடுகின்றன, அடுத்ததற்கு 256, பிறகு 128, 64, 32, 16 என்று கரைந்துகொண்டே போகும். ஆறு ஸ்டாப் கீழே இருக்கும் அலமாரிக்கு என்ன மிஞ்சும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஆகவே மூன்று படம்.

மூன்று படம் எடுத்தது

1/2000, 1/250, 1/30. ஒன்றுக்கொன்று மூன்று ஸ்டாப். இரண்டு ஓரங்களை மட்டும் எடுத்தாலே போதுமே என்று தோன்றும். நடுவில் இருக்கும் 1/250 எதற்கு என்பது ஜன்னல் சட்டத்தை ஒட்டி வேலை செய்யும்போதுதான் தெரியும், அங்கே வருகிறேன். அலமாரியின் அடித்தட்டுக்காக 1/8 நொடியில் நான்காவது படம் ஒன்றும் எடுத்து வைத்தேன்.

ட்ரைபாட் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம் என்பேன். கையில் பிடித்து எடுத்தாலும் தானாகப் பொருத்தும் செயலிகள் உண்டு, ஆனால் ஸ்னாப்சீட்டில் நாம்தான் விரலால் பொருத்த வேண்டும். இரண்டு புள்ளி நகர்ந்திருந்தாலும் ஜன்னல் கம்பி இரட்டையாகத் தெரியும். ட்ரைபாட் இல்லையென்றால் புத்தக அடுக்கின்மேல் சாய்த்து வைத்தாலும் சரி, மொபைல் அசையக் கூடாது. ஷட்டரை விரலால் தொட்டாலே ஆட்டம் வரும். 2 அல்லது 3 நொடி டைமர் வைத்துக்கொள்வது நல்லது.

பூட்டி வைக்க வேண்டியவை மூன்று. ஐஎஸ்ஓ ஒன்று, அதைச் சொல்லிவிட்டேன். ஃபோகஸ் இரண்டாவது: ஃபோகஸ் மாறினால் படத்தின் சட்டகமும் மிகச் சிறிதளவு விரிந்து சுருங்கும், அப்புறம் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று உட்காராது. மேனுவல் ஃபோகஸில் மேசைக்கு வைத்து விட்டுவிட்டேன். மூன்றாவது, வெள்ளை எந்தச் சாயலில் தெரிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸ். ஆட்டோவில் விட்டால் இருண்ட படத்துக்கு ஒரு நிறம், வெளிச்சப் படத்துக்கு ஒரு நிறம் என்று மொபைல் தன் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுக்கும். ஒட்டிய பிறகு ஜன்னலைச் சுற்றி நீலமும் மஞ்சளும் மோதும். 5200 கெல்வினில் நிறுத்தினேன். எண் முக்கியமில்லை, மூன்றிலும் அதே எண் என்பதுதான் முக்கியம்.

ப்ரோ மோட் இல்லாத மொபைலில், திரையில் ஓரிடத்தில் அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலும் கீழும் இழுத்து வெளிச்சத்தை மாற்றலாம். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. சாதாரண கேமரா மோடில் மொபைல் உள்ளுக்குள் ஏற்கெனவே எச்டிஆர் செய்துவிடுகிறது. கூகுளின் எச்டிஆர் ப்ளஸ் முறையில், வேண்டுமென்றே இருட்டாக்கி எடுத்த பல படங்களை வரிசையாகப் பிடித்து, பொருத்தி, சராசரியாக்கி நாய்ஸைக் குறைத்து, அதற்குப் பிறகு நிழலைத் தூக்குகிறார்கள். அற்புதமான வேலைதான். ஆனால் அப்படி ஏற்கெனவே சமன்செய்யப்பட்ட மூன்று படங்களை நாம் மறுபடி ஒட்டினால், ஒவ்வொன்றிலும் நிழல் வேறு வேறு விதமாகத் தூக்கப்பட்டிருக்கும், ஓரங்கள் சேராது. அமைப்புகளில் எச்டிஆரை அணைக்க வழியிருந்தால் அணையுங்கள். இல்லையென்றால் லைட்ரூம் செயலிக்குள் இருக்கும் கேமரா போல, ரா கோப்பு தரும் வேறொரு கேமராவைப் பயன்படுத்துங்கள்.

அறை விளக்கை அணைத்து வைத்ததற்கும் காரணம் உண்டு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது, 1/2000 நொடி ஷட்டருக்குத் தெரியும். படத்தில் கிடைமட்டப் பட்டைகளாக வந்து உட்காரும். மேகம் கடந்துபோகும் நேரத்தையும் தவிர்க்க வேண்டும்: மூன்று படங்களும் அடுத்தடுத்த சில நொடிகளுக்குள் முடிந்துவிட்டால் வெளிச்சம் மாறாது.

ஒட்டியது

அடிப்படையாக 1/30 படத்தைத் திறந்தேன். அறைதான் படத்தில் பெரிய பகுதி; ஆகவே அது கீழே இருக்கட்டும், ஜன்னலை அதன்மேல் வரைவோம் என்ற கணக்கு.

கருவிகளில் டபுள் எக்ஸ்போஷர். படம் சேர்க்கும் குறியைத் தொட்டு 1/250 படத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஒரே மொபைல், ஒரே அளவு என்பதால் அது தானாகவே சட்டகத்தோடு பொருந்தி உட்கார்ந்தது. விரலால் நகர்த்தாமல் விட்டுவிடுவதே நல்லது. கலப்பு முறையை டீஃபால்ட்டில் வைத்து, புதுப்படம் எவ்வளவு அழுத்தமாகத் தெரிய வேண்டும் என்பதைச் சொல்லும் ஒபாசிட்டியை வலது கடைசி வரை இழுத்தால், கீழ்ப்படம் மறைந்து புதுப்படம் மட்டும் தெரியும். டிக் குறியைத் தொட்டு ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இப்போது பார்த்தால் அறை மறுபடி இருட்டு. பயப்பட வேண்டாம். மேலே உள்ள அடுக்குக் குறியைத் தொட்டு வியூ எடிட்ஸுக்குப் போனால் இதுவரை செய்தவை வரிசையாக நிற்கும். அதில் டபுள் எக்ஸ்போஷரைத் தொட்டு, வரும் குறிகளில் தூரிகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உடனே புதுப்படம் மறைந்து அறை திரும்பிவரும். இனி எங்கே விரலால் தேய்க்கிறோமோ அங்கே மட்டும் 1/250 படம் வெளிவரும். ஸ்னாப்சீட்டில் அதிகம் பேர் எட்டிப்பார்க்காத மூலை இது. என்னைக் கேட்டால் செயலியின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

தூரிகையின் வலிமை 0, 25, 50, 75, 100 என ஐந்து நிலைகளில் மாறும். 0 என்பது அழிப்பான். தூரிகையின் அளவை மாற்றத் தனிப் பொத்தான் கிடையாது. படத்தைப் பெரிதாக்கினால் தூரிகை தானாகவே நுணுக்கமாகும், சிறிதாக்கினால் அகலமாகும். முதலில் பழகக் கொஞ்ச நேரம் பிடிக்கும், பிறகு அதுதான் வசதி என்று ஆகிவிடும். கண் குறியைத் தொட்டால் தேய்த்த இடம் சிவப்பாகத் தெரியும். விட்டுப்போன திட்டுகளைக் கண்டுபிடிக்க அது உதவும்.

ஜன்னலின் உள்பகுதி, சட்டம், சட்டத்தைச் சுற்றி நாலு விரல் சுவர், மேசையில் வெயில் விழும் இடம். இவ்வளவுக்கும் 1/250. சட்டத்துக்கு 75, சுவரில் விலக விலக 50, 25 என்று குறைத்துக்கொண்டே போனேன். முடித்துவிட்டு மறுபடி டபுள் எக்ஸ்போஷர், இந்த முறை 1/2000 படம், மறுபடி வியூ எடிட்ஸ், மறுபடி தூரிகை. இப்போது கம்பிகளுக்கு நடுவே தெரியும் மரமும் வானமும் மட்டும்.

நடுப்படத்தின் தேவை இங்கேதான் விளங்கியது. 1/30 படத்தில் ஜன்னல் வெளிச்சம் தன் எல்லையோடு நிற்கவில்லை. லென்ஸுக்குள் சிதறி, கம்பிகளையும் சட்டத்தின் உள்விளிம்பையும் தாண்டிச் சுவர்மேல் வழிந்திருந்தது. அதன்மேல் நேரே 1/2000 படத்தைத் தேய்த்தால், இருண்ட மரம், கறுப்புக் கம்பி, அதையொட்டிப் பால் சிந்தின மாதிரி ஒரு வெள்ளை விளிம்பு என்று ஆகிறது. வெட்டி ஒட்டியது தூரத்திலேயே தெரியும். 1/250 படத்தில் அந்த வழிதல் மிகக் குறைவு, கம்பியின் உருண்டையும் தெரிகிறது. அது ஒரு பாலம் மாதிரி நின்று, ஆறு ஸ்டாப் தாவலை மூன்று மூன்றாகப் பிரித்துவிடுகிறது. கம்பிகளை நன்றாகப் பெரிதாக்கி, கம்பியின்மேல் 1/2000 படம் ஏறிய இடங்களை 0 வைத்து அழித்து, விளிம்பில் 25 வைத்து ஒரு தடவல். பொறுமை தேவைப்படும் இடம் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் நிமிடங்களில் முடிந்துவிடுகிறது.

இவ்வளவு எதற்கு, ஒபாசிட்டியைப் பாதியில் வைத்து இரண்டையும் கலந்துவிட்டால் ஆகாதா என்று செய்தும் பார்த்தேன். ஆகாது. ஒரு படத்தில் 255 என்று முட்டிய ஜன்னலையும் மற்றதில் 110 என்று இருக்கும் இலையையும் சராசரியாக்கினால் 182 வரும். இன்னொரு இலை 90 என்றால் 172. இருபது படி வித்தியாசம் பத்துப் படியாகச் சுருங்கி, மரம் பனிமூட்டத்தில் நிற்கிற மாதிரி ஆகிவிடுகிறது. எங்கே எந்தப் படத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று புள்ளிக்குப் புள்ளி மாற்றிக் கொடுத்தால்தான் கலப்பு வேலைசெய்யும். மெர்டென்ஸ், கௌட்ஸ், வான் ரீத் மூவரும் 2007-இல் முன்வைத்த எக்ஸ்போஷர் ஃப்யூஷன் முறை இதைத்தான் கணக்காகச் செய்கிறது: ஒவ்வொரு புள்ளியிலும் வெளிச்சம் நடுத்தரமாக இருக்கிறதா, வேறுபாடு இருக்கிறதா, நிறம் செறிவாக இருக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் போட்டு, அதற்கேற்பக் கலக்கிறது. நாம் அந்த மதிப்பெண்ணை விரலால் போடுகிறோம். கணினியைவிட நமக்கு மெதுவாகத்தான் வரும், ஆனால் அலமாரியைவிட மேசை முக்கியம் என்பது கணினிக்குத் தெரியாது.

எது எதைவிட வெளிச்சம்

ஒட்டி முடித்ததும் எல்லாம் தெரிந்தது. அதுதான் சிக்கலும். மரமும் அறையும் ஒரே வெளிச்சத்தில் நின்றதால் ஜன்னலுக்கு வெளியே ஒரு படம் மாட்டிவைத்த மாதிரி இருந்தது. வெயில் எங்கிருந்து வருகிறது என்றே புரியவில்லை. எச்டிஆர் படங்கள் பலருக்கு ஏன் பொய்யாகப் படுகின்றன என்பதற்கு என் பதில் இதுதான்: நிறம் மிகுந்ததால் மட்டும் இல்லை, வெளிச்சத்தின் வரிசை குலைந்ததால். வானம் முதலில், வெயில் பட்ட இலை அடுத்து, பிறகு மேசைமேல் விழும் ஒளி, சுவர், அலமாரி, கடைசியில் அதன் அடித்தட்டு. இடைவெளிகளைச் சுருக்கலாம், வரிசையை மாற்றக் கூடாது. நிழலில் இருக்கும் சுவர் வானத்தைவிடப் பிரகாசமாக ஆகிவிட்டால், காரணம் சொல்லத் தெரியாதவர்கூட ஏதோ சரியில்லை என்பார்.

ஆகவே வியூ எடிட்ஸுக்குத் திரும்பி, 1/2000 படத்தைத் தேய்த்த இடங்களில் வானத்தை மட்டும் 75-க்குக் குறைத்தேன். கீழே உள்ள 1/250 கொஞ்சம் எட்டிப்பார்த்து வானம் பிரகாசமானது. அடுக்கில் கடைசியாக, வெளிச்சத்தை ஒரு கோட்டை வளைத்து மாற்றும் கர்வ்ஸ் கருவியைச் சேர்த்து, கோட்டின் கீழ்ப் பகுதியைச் சற்று இறக்கி அறையை ஒரு படி இருட்டாக்கினேன். அடித்தட்டுக்காக எடுத்து வைத்த 1/8 படத்தைப் பயன்படுத்தவே இல்லை. அந்தத் தட்டு இருட்டாகத்தான் இருக்க வேண்டும். எல்லா மூலையும் தெரிந்தால் அறைக்கு ஆழம் இருக்காது.

பிறகு ட்யூன் இமேஜ். மேலும் கீழும் இழுத்தால் அளவுருக்கள் மாறும், பக்கவாட்டில் இழுத்தால் அளவு மாறும். ஹைலைட்ஸைச் சற்றுக் குறைத்தேன், ஆம்பியன்ஸைச் சற்றுக் கூட்டினேன். நிழலையும் ஒளியையும் சேர்த்துச் சமன்செய்யும் அந்த ஆம்பியன்ஸ் ருசியான ஆபத்து: கொஞ்சம் போட்டால் படம் மூச்சுவிடும், அதிகம் போட்டால் நாம் இவ்வளவு நேரம் காப்பாற்றிய வரிசையைக் கலைத்துவிடும். ஷேடோஸைத் தொடவில்லை. நிழலுக்கென்று தனியாகப் படம் எடுத்திருக்கும்போது அதைச் செயற்கையாகத் தூக்க வேண்டிய அவசியம் என்ன?

எச்டிஆர் ஸ்கேப்புக்கு இப்போது வேலை வந்தது. ஃபைன் வகை. திறந்தவுடனேயே கணிசமான அளவில் போட்டுவிடுகிறது, ஃபில்டர் ஸ்ட்ரெங்த்தைக் கால்வாசிக்கு இறக்கினேன். அதையும் தூரிகையால் அலமாரிக்கும் மேசையின் மரக்கோடுகளுக்கும் மட்டும். மரமும் வானமும் சேரும் கிளை விளிம்புகளில் இது பட்டால் வெள்ளையாக ஓர் ஒளிவட்டம் வருகிறது. வெற்றுச் சுவரில் பட்டால் இல்லாத அழுக்கைக் கண்டுபிடித்துக் காட்டுகிறது. சொரசொரப்பான பொருளில் மட்டும் போட்டால் இதைவிட நல்ல கருவி இல்லை. டீட்டெயில்ஸ் கருவியின் ஸ்ட்ரக்சரை இதற்கு மேலும் சேர்க்க வேண்டாம். இரண்டும் ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்கின்றன, சேர்ந்தால் மரப்பலகை மணற்காகிதமாகிவிடும்.

வேலை செய்யும்போது திரையின் தானியங்கி வெளிச்சத்தையும், இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியையும் அணைத்து வைத்திருந்தேன். திரை தன் வெளிச்சத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் நாம் எதைச் சரிசெய்கிறோம் என்பதே தெரியாது.

காற்றடித்தால்

இதே முறையை மாலை வானத்துக்கு எதிரே நிற்கும் மரங்களுக்குச் செய்தபோது வேறு கதை. மூன்று படத்திலும் இலைகள் மூன்று இடத்தில். கிளை நுனியில் எங்கே தூரிகையை நிறுத்தினாலும் பாதி இலை, ஆவி மாதிரி ஒரு நிழல். இங்கே ஒரே ரா கோப்புதான் வழி. வானம் 255-இல் முட்டாமல் இருக்கும் அளவுக்கு மட்டும் வெளிச்சத்தைக் குறைத்து டிஎன்ஜி (ரா கோப்பின் ஒரு வகை) கோப்பாக ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். அதை ஸ்னாப்சீட்டில் திறந்தால் ரா டெவலப் பகுதி முதலில் வரும். எக்ஸ்போஷரை வானத்துக்கு ஏற்ப வைத்து ஒரு படமாகச் சேமித்து, மறுபடி அதே கோப்பைத் திறந்து மரங்களுக்கு ஏற்பத் தூக்கி இன்னொரு படமாகச் சேமித்து, இரண்டையும் மேலே சொன்னபடி ஒட்டலாம். பதிவான வெளிச்ச வீச்சு இதனால் கூடுவதில்லை, இருட்டில் நாய்ஸும் இருக்கும். ஆனால் இரண்டும் ஒரே நொடியில் பிறந்தவை என்பதால் ஒவ்வொரு இலையும் தன் இடத்தில் இருக்கிறது. மாலை வானத்தின் வீச்சுக்கு இது பெரும்பாலும் போதுமானதாகவே இருந்தது. மனிதர், வண்டி, அலை எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

ஒட்டுவேலையே வேண்டாம் என்பவர்களுக்கு லைட்ரூம் மொபைலின் கேமராவில் எச்டிஆர் மோட் இருக்கிறது. 2017-இல் வந்தது, எல்லா மொபைலிலும் இருக்காது. வேறு வேறு எக்ஸ்போஷரில் ரா படங்களை எடுத்து, பொருத்தி, அசைவால் வந்த ஆவிகளை நீக்கி, ஒரே டிஎன்ஜியாகத் தருகிறது. அதன் நிழலைத் தூக்கினால் நாய்ஸ் வராமல் எழுகிறது. ஜன்னலுக்கு வெளியே மரமும் கிடைக்கிறது. அவசரத்துக்கு நான் அதைத்தான் எடுப்பேன். கம்பி விளிம்புகளில் மட்டும் கையால் ஒட்டியது ஒரு படி மேல்.

சேமிக்கும்போது எக்ஸ்போர்ட் தேர்வில் தரத்தை 100% வைப்பது நல்லது; மென்மையாக மாறும் வானத்தில்தான் ஜேபெக் சுருக்கம் முதலில் பல்லைக் காட்டும். இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். 2023-இல் ஆண்ட்ராய்டு 14-உடன் வந்த அல்ட்ரா எச்டிஆர் என்பது வேறு சங்கதி. அது சாதாரண ஜேபெக்கோடு ஓர் ஒளி வரைபடத்தையும் சேர்த்து வைத்து, அதற்கேற்ற திரையில் வானத்தை உண்மையிலேயே கூடுதலாக ஒளிரச் செய்வது. நாம் இங்கே செய்தது அகன்ற வீச்சைச் சாதாரணத் திரைக்குள் சுருக்கி அடக்கும் வேலை. இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால், புதிய மொபைலில் கேலரியில் மின்னும் படங்களுக்குப் பக்கத்தில் இது மங்கலாகத் தெரிந்தால் எடிட்டில் கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம்.

மூலப் படங்கள் மூன்றையும் அழிக்காமல் ஒரு ஆல்பத்தில் வைத்திருக்கிறேன். அடுத்து அவற்றைக் கணினியில் தானியங்கி ஃப்யூஷனுக்குக் கொடுத்து, கம்பி விளிம்புகளை மட்டும் பெரிதாக்கி இதோடு ஒப்பிட வேண்டும்.